மச்சுக்கு வெள்ளை

1

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மலாயாவில் ரயில்வே கொடுத்த எங்கள் வீட்டின் பின்கட்டில், பொங்கலுக்காக ஒரு மொடா சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்து, அறையில் தலைக்கு மேலே இருக்கிற மச்சுக்கு அடிக்கச் சொல்லி என் மனைவி அஞ்சலை என் உயிரை எடுக்கிறாள். மாட்டேன் என்று நானும் முறுக்கிக்கொண்டு திரிகிறேன். வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

வெள்ளையடிக்கிற காரியத்துக்கு ஒரு சண்டையா என்று கேட்பீர்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பிறந்தவர்கள் கேட்க மாட்டீர்கள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் நாம் சுண்ணாம்பு தொட மாட்டோம், பொங்கல் பானை ஏற்ற மாட்டோம். தெருவே வெளுத்துக் கிடக்கும்போது ஒரு வீடு மட்டும் கரியேறிக் கிடந்தால், உள்ளே யாரோ போய்விட்டார்கள் என்று வழிப்போக்கனுக்கும் தெரிந்துவிடும். எங்கள் மகன் ஏழுமலை சயாம் ரயில் பாதைக்குப் போனவன், திரும்பவில்லை. மச்சு வெளுத்தால் அவன் இருக்கிறான். வெளுக்காவிட்டால் இல்லை. அஞ்சலையின் கணக்கு அவ்வளவுதான்.

அவன் போய்விட்டான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை இந்த வீட்டில் வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. காரியம் செய்யவில்லை, தலை முழுகவில்லை. தலை முழுகாத சாவுக்கு வருஷத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? பொங்கல் வரும்போதெல்லாம் இந்த மொடாவுக்கு முன்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

2

எங்கள் சனத்துக்கு மச்சு என்பது சாமானியப்பட்ட பொருள் இல்லை. என் அப்பா கண்டமங்கலத்துப் பக்கம் அடுத்தவன் நிலத்தில் கூலிக்குக் கேப்பை அறுத்தவர். கூரை வீட்டில் பிறந்து கூரை வீட்டில் வளர்ந்தவர். கூரை வீட்டில் நிமிர்ந்து பார்த்தால் என்ன தெரியும்? பனையோலையும் மூங்கிலும் ஒட்டடையும். சுவருக்கு வேண்டுமானால் சுண்ணாம்பு பூசலாம், மேலே என்ன பூசுவது? அவர் விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் பழுது பார்க்கிற கேங் ஆளாகச் சேர்ந்தபோதுதான், ரயில்வே வரிசையாகக் கட்டியிருந்ததில் எங்களுக்கு ஒரு லைன் வீடு கிடைத்தது. தேய்ந்த தண்டவாளத் துண்டுகளையே உத்திரமாகப் போட்டு, நடுநடுவே செங்கல்லை வளைவாகக் கட்டிய மச்சு. ஒரு அறைதான், ஆனால் கெட்டி வீடு.

பொங்கல் வந்தால் அப்பாவைப் பிடிக்க முடியாது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பனமட்டையை நுனி நசுக்கி மொடாவில் முக்கி எடுப்பார். மற்றவர்கள் சுவரில் ஆரம்பிப்பார்கள். அவர் மச்சில்தான் ஆரம்பிப்பார். சொட்டு சொட்டாக மூஞ்சியில் விழும்.

"அடிக்கிறதுக்கு மேல ஒண்ணு இருக்குது பாரு, அதச் சொல்லு!" என்று மேலிருந்து கத்துவார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவருக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

அவர் ஒரு கார்த்திகையில், மழையில் டிராலி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். அந்தப் பொங்கலுக்கு லைன் முழுக்க வெள்ளை, எங்கள் அறை மட்டும் கரி. ஏழுமலை அப்போது சின்னப் பையன். வெளியே போய் எல்லா வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஏம்ப்பா நம்மளுக்கு மட்டும் அடிக்கல?" என்று கேட்டான். தாத்தா செத்துட்டாரில்ல, செத்த வூட்டுக்கு அடிக்கக் கூடாதுடா என்று அஞ்சலைதான் சொல்லிக் கொடுத்தாள். பையன் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டான்.

மாட்டுப் பொங்கலன்று, அப்பாவின் வேலைக்கு வந்தவர் வாசலில் வந்து நின்றார். "தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க எப்ப காலி பண்றீங்கன்னு தெரிஞ்சா, நாங்க அடிச்சிக்குவோம்" என்றார். அவர் கையிலேயே மட்டை இருந்தது. எங்கள் சட்டி பானை உள்ளே இருக்கும்போதே, தன் பிள்ளைகளோடு வந்து அப்பா அடித்த மச்சின்மேல் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அவரும் ஏதோ ஒரு கூரை வீட்டிலிருந்து வந்தவர்தானே. ஆனாலும் எனக்கு அன்று வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது.

3

அங்கிருந்து திண்டிவனத்துக்குப் போனோம். அஞ்சலையின் அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், ஆனால் கூரை வீடு. மழைக்காலத்தில் ராத்திரி எந்தப் பக்கம் ஒழுகுமோ என்று பாயை இழுத்துக்கொண்டே கிடப்போம். மண்டியில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது, மூட்டைக்கு நம்பர் எழுதுகிற வேலை. எட்டாவது வரைக்கும் படித்தவன் என்று பெயர். படித்தவனுக்குத் தெருவில் வாடகை வீடு கேட்டுப் போனால், எந்த ஊர் யார் வகை என்று விசாரித்து முடித்துவிட்டு, "வேற ஆளுக்குச் சொல்லிட்டமே" என்பார்கள். அவர்கள் இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் உங்களில் சிலர் எழுதுகிற ஊர்ப்பெருமை எல்லாம் எனக்குத் தொண்டைக்குள் இறங்குவதில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வந்து ரயில்வே ஸ்டோரில் கிராணி ஆனேன். கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. ஈப்போவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷன். வீடு கொடுத்தார்கள். பலகை வீடு, மேலேயும் பலகையால் ஒரு மச்சு. அஞ்சலையும் ஏழுமலையும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். அந்த வருஷப் பொங்கலுக்கு நான் செய்த முதல் காரியம், என் அப்பாவைப் போல எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஏறி, அந்தப் பலகை மச்சுக்குச் சுண்ணாம்பு அடித்ததுதான்.

செங்கல்லுக்கு அடிக்கிறதைப் பலகைக்கு அடிப்பார்களா? இந்த ஊர் ஈரத்தில், வளையாத பலகையும் வளையும். காய்ந்த சுண்ணாம்பு பொடுகு மாதிரி உதிர்ந்துகொண்டே இருக்கும். சோற்றில் விழும், பாயில் விழும், அஞ்சலையின் கொண்டையில் விழும். பலகைக்கு எண்ணெய் பெயிண்டுதான் அடிக்கவேண்டும், அதையும் ரயில்வேதான் அடிக்கும், நீங்கள் அடிக்கக் கூடாது என்று வீட்டு இன்ஸ்பெக்டர் வந்து திட்டிவிட்டுப் போனார். கடிதமும் வந்தது. மரியாதையாகப் பதில் எழுதிவிட்டு, அடுத்த பொங்கலுக்கும் அடித்தேன். பெயிண்ட் அடித்த மச்சு எனக்கு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.

ஏழுமலைக்கு இது பெரிய கேலி. தட்டில் சுண்ணாம்புத் தூள் விழுந்தால், "அம்மா, அப்பா உப்பு போட்டுட்டாரு, நீ போடாத" என்பான். ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் மேசையைப் பிடித்துக்கொள்ள அவன்தான் வருவான். பிறகு அவன் வளர்ந்துவிட்டான். நான் கீழே நின்று பிடிக்க, அவன் மேலே ஏறினான். கை எட்டும், பெரிய கை. மூன்று வருஷம் எங்கள் மச்சுக்கு அவன்தான் அடித்தான்.

4

பூங்காவனம் இங்கேயே பிறந்தவள். எங்கள் சின்னவள். ஊர் என்றால் அவளுக்கு மணியார்டர் போகிற இடம். நாங்கள் தமிழில் பேசினால் பாதி புரிந்துகொண்டு மலாயில் பதில் சொல்கிறாள். சோறு வேண்டாம் என்பதற்கு "தா மாவ்" என்கிறாள். ஜப்பான்காரன் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் காலைப் பாட்டு ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். அவன் போய் வருஷமாகியும், பல் விளக்கும்போது அதைத்தான் முணுமுணுக்கிறாள். பாடாதே என்றால் ஏன் என்று கேட்கிறாள். அண்ணனைக் கொண்டுபோனவன் பாட்டு என்று எப்படிச் சொல்வது? அண்ணன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று அவள் அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அவளும் அதையே பள்ளிக்கூடத்தில் சொல்கிறாள்.

அவனைக் கொண்டுபோனது எங்கள் ஸ்டேஷனிலிருந்தேதான். சயாமில் பாதை போடுகிறோம், மூன்று மாதம் வேலை, அரிசியும் துணியும் உண்டு என்று ஆள் பிடித்தார்கள். வராதவனையும் பிடித்தார்கள். கூட்ஸ் வண்டியில் ஆட்டை அடைப்பது போல அடைத்தார்கள். வண்டி நகரும்போது ஏழுமலை கதவிடுக்கில் மூஞ்சியை வைத்துக்கொண்டு, "பொங்கலுக்கு வந்துர்றேன்மா, அப்பாவ ஏற உடாத, கீழ வுழுந்துடுவாரு!" என்று கத்தினான். அதுதான் அவன் எங்களிடம் சொன்ன கடைசிப் பேச்சு.

பொங்கல் வந்தது, அவன் வரவில்லை. சுண்ணாம்பும் வரவில்லை, கடைகளில் ஒரு பிடி உப்பே இல்லாத காலம். அஞ்சலை சந்தைக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடந்த சிப்பி ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கரியைப் போட்டுச் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றினாள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று வீங்கிப்போன கைகளோடு அதைக் கரைத்தாள்.

"இப்ப எதுக்கும்மா இது?" என்றேன்.

"அவன் வந்து எட்டிப் பாக்கறான்னு வையுங்க. கரியா கெடந்தா இன்னா நெனப்பான்? நம்ம ரெண்டு பேர்ல யாரோ செத்துட்டோம்னு பயந்துக்குவான். புள்ள பயணத்துல வந்து நிக்கசொல்ல அப்படியா இருக்கறது வூடு?"

மேசையை இழுத்துப் போட்டேன். ஏறி அடித்தேன்.

5

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபின், சயாமுக்குப் போனவர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது சின்னப்பன். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், அவனும் கண்டமங்கலத்துப் பக்கத்தான். சட்டை தொங்க ஒரு உடம்பே இல்லை அவனுக்கு. பட்டப்பகலில் வந்து முன்னறையில் குந்தினான். பூங்காவனம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"அண்ணே, மனச கெட்டியா வச்சிக்குங்க" என்றான். "ஏழுமலைக்கி வாந்தியும் பேதியும். நானும் அங்கதான் கெடந்தேன், பக்கத்துக் கொட்டாயில. காலையில தூக்கிக்கினு போய்ட்டாங்க. எல்லாரையும் ஒண்ணா வச்சிக் கொளுத்திட்டாங்க."

அஞ்சலை அவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றாள். பிறகு கேட்டாள்.

"எந்த ஏழுமல?"

"நம்ம ஏழுமலதான்க்கா."

"நம்ம பக்கத்துல எத்தினி ஏழுமல. இந்த லைன்லயே ரெண்டு. தோட்டத்துல எத்தினியோ. நீ மூஞ்சியப் பாத்தியா? நல்லாப் பாத்தியா?"

சின்னப்பன் குவளையைக் கீழே வைத்தான். "அங்க யாருக்கும் மூஞ்சின்னு ஒண்ணு இல்லக்கா" என்றான்.

"அப்ப அது வேற புள்ள. பாவம், யாரு பெத்ததோ" என்று சொல்லிவிட்டுக் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பொங்கலுக்கும் அடித்தோம். லைனில் உள்ள பெண்கள் எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மகன் செத்த வீட்டில் வெள்ளையா என்று குழாயடியில் பேச்சு. அவர்களும் நம் பக்கத்தவர்கள்தானே, தெரியாமல் இருக்குமா?

இது இத்தோடு போகவில்லை. என் மச்சான் திண்டிவனத்திலிருந்து கடிதம் போடுகிறான். கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டுவிட்டானாம், எல்லாரும் வந்துவிடுங்கள் என்கிறான். நான் ஊரைப் பற்றி என்ன சொன்னால் என்ன, இந்த ஸ்டேஷனில் இனிமேல் என்னால் இருக்க முடியாது. ராத்திரி பகல் என்று வண்டி போகிறது. ஒவ்வொரு கூட்ஸுக்கும் அஞ்சலை எழுந்து வாசலுக்குப் போகிறாள். அவளைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் என் வாழ்க்கை என்று ஆகிவிட்டது. எங்கேயாவது போனால் போதும் என்று கப்பலுக்கு எழுதிப் போட்டேன்.

ஊருக்குத் திரும்புகிறவர்களைப் பதிகிற ஆபீஸில் கூப்பிட்டார்கள், இருவரும் போனோம். குடும்பத்தில் நாலு பேர் என்று பழைய பதிவு, நாலாவது ஆள் எங்கே என்று கேட்டார் அங்கிருந்த கிராணி. நம்ம ஆள்தான், இளவயது, நல்ல பிள்ளை. "உயிரோட இருக்காரு, காணோம், தவறிட்டாரு, இந்த மூணுல ஒண்ணு சொல்லுங்கம்மா. நீங்க கைநாட்டு வைக்கணும்" என்றார்.

"வேலைக்குப் போயிருக்கான்னு எழுது தம்பி."

"அதுக்குக் கட்டம் கெடயாதும்மா."

"ஒண்ணு போட்டுக்க. உங்கிட்ட பேனா இருக்குது இல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். காணோம் என்றாவது சொல் என்று திரும்பி வருகிற வழியெல்லாம் அஞ்சலையிடம் கெஞ்சினேன். "காணோம்னு சொல்றதுக்கு அவன் இன்னா கோழியா?" என்று கேட்டுவிட்டு வேகமாக நடந்தாள். காகிதம் ஆபீஸிலேயே கிடக்கிறது. அவள் சொல்லாமல் நாங்கள் நகர முடியாது, அவளோ சொல்லப் போவதில்லை. இதில் பொங்கல் வேறு வந்துவிட்டது. இந்த வருஷம் நான் மட்டையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எத்தனை வருஷத்துக்குத்தான் ஒரு பொய்க்குச் சுண்ணாம்பு அடிப்பது?

6

மேலே உள்ளதை எழுதிவிட்டு வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தால், மேசைமேல் முக்காலி, முக்காலிமேல் அஞ்சலை. சேலையை வாரிச் செருகிக்கொண்டு மச்சுக்கு அடித்துக்கொண்டிருக்கிறாள். பாதி அடித்தாகிவிட்டது. திட்டுத் திட்டாக, கண்றாவியாக இருக்கிறது.

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? எறங்குடி கீழ!" என்று கத்தினேன்.

"நீங்க அடிக்கல, நான் அடிக்கிறேன். உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்று திரும்பினாள். திரும்பிய வேகத்தில் மட்டையில் இருந்தது அப்படியே இடது கண்ணில் வழிந்தது.

ஐயோ என்று அலறினாள். பிடித்து இறக்கினேன். தொட்டித் தண்ணீரில் மூஞ்சியை அமுக்கி, அள்ளி அள்ளி ஊற்றினேன். ஸ்டேஷன் டிரஸ்ஸர் ஓடிவந்து இன்னும் கழுவி, ஏதோ எண்ணெய் விட்டு, பஞ்சை வைத்துக் கட்டினார். கண் போகாது, ஆனால் எரியும், படுத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முன்னறையில் பாயைப் போட்டுப் படுக்க வைத்தேன். கட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. மற்றக் கண்ணிலிருந்தும் வடிந்தது.

அவள் மல்லாந்து மச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதியில நிக்குதுங்க" என்றாள். "பாக்க சகிக்கல. முடிச்சிடுங்க."

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன். எண்ணெய்கூடத் தேய்த்துக்கொள்ளவில்லை. அவள் கீழே படுத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்து, மூலையில உட்டுட்டீங்க, அந்தப் பலகை, அதுக்கு அடுத்த பலகை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் அடித்துக்கொண்டே போனேன். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் நகரும்போது, அதே குரலில், பலகையைக் காட்டின அதே குரலிலேயே கேட்டாள்.

"அந்தச் சின்னப்பன், எம்புள்ளைக்கிக் கடைசியில ஒரு வாய் தண்ணி குடுத்தானாமா?"

மட்டையைத் தூக்கிய கை அப்படியே நின்றது. முழங்கை வழியாகச் சுண்ணாம்பு அக்குளுக்குள் இறங்கியது. நான் சின்னப்பனிடம் அதைக் கேட்கவே இல்லை. வாந்திபேதிக்காரனுக்கு நாக்கு எப்படி வறளும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்கத் தோன்றவில்லை.

"குடுத்தானாம்" என்றேன்.

"வெந்நியா?"

"வெந்நிதான். ஆற வச்சிக் குடுத்தானாம்."

"நல்லா இருக்கட்டும். அவன் புள்ளகுட்டிங்க நல்லா இருக்கட்டும்" என்றாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். நான் மேசையிலிருந்து இறங்குவதற்குள் அவள் குரல் எழுந்துவிட்டது. நம் பக்கத்து ஒப்பாரி. வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் கேட்டறியாத குரல். "ஏயுமல… என் கண்ணே… வெந்நிக்கி ஏங்கினியா என் ராசா, வெறுங்காட்டுல வெந்தியா என் ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நேற்றுவரை எங்கள் வாசலை மிதிக்காதவர்கள், சொட்டுகிற சுண்ணாம்புக்கு அடியில் அவளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் பூங்காவனம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பை முதுகில் தொங்க வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மாவைப் பார்த்தாள். மேலே வெளுத்திருக்கும் மச்சைப் பார்த்தாள். என்னிடம் வந்து முதலில் மலாயில் கேட்டாள், பிறகு எனக்காகத் தமிழில் கேட்டாள்.

"யாருப்பா செத்துட்டாங்க?"

"உங்கண்ணன்மா" என்றேன். "அண்ணன் செத்துட்டான்."

அவள் பையைக்கூடக் கழற்றவில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு போய் அம்மாவின் மடியை ஒட்டி உட்கார்ந்தாள். எப்படி அழவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சொல்லாக, அவளும் பின்னாலேயே சொல்ல ஆரம்பித்தாள்.